சாரத்தடியில் ஒரு நாற்காலி

அக்கா எங்கள் சைட்டுக்கு வந்த முதல் நாள் ஹெல்மெட்டைப் பற்றியோ பெல்ட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சேஃப்டிக்கு ஆள் வருகிறது என்றதும் மேஸ்திரி அவசர அவசரமாக எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பியை மாட்டி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அக்கா அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் திரும்பினாள்.

“அன்னைக்கு ராத்திரி அவரு எங்க இருந்தாரு?”

“யாரு மேடம்?”

“விழுந்தவரு. விழுறதுக்கு முந்துன ராத்திரி.”

மேஸ்திரி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். யாருக்கும் தெரியவில்லை.

திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பி ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த சனிப்பெயர்ச்சிக்குள் திறந்துவிட வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம். நான் அங்கே ஸ்டோர் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை, கட்டுக்கம்பி, ஆணி, கையுறை என்று வந்ததை இறக்கிவைத்துக் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. அக்கா வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை செய்த ஒருவர் மேலேயிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதலாளி பயந்துபோய் “சேஃப்டிக்குன்னு ஒரு ஆளப் போடுங்க” என்று கான்ட்ராக்டரை நெருக்க, கான்ட்ராக்டர் பேருக்கு ஒருத்தர் இருக்கட்டும் என்று அக்காவைப் பிடித்து வந்திருந்தார். அதற்கு முன் அவள் கீழவாஞ்சூர் பக்கம் வேலை பார்த்தவள். சேஃப்டியில் டிப்ளமா முடித்தவள்.

“பெல்ட் குடுத்துருந்தோம் மேடம். இடுப்புலயும் கட்டித்தான் இருந்தான். கொக்கியத்தான் மாட்டல” என்றார் மேஸ்திரி.

“ஏன் மாட்டல?”

“மறந்துட்டான்.”

“ஏன் மறந்தாரு?”

மேஸ்திரி சிரித்தேவிட்டார். மறதிக்கெல்லாமா காரணம் கேட்பார்கள்?

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். விழுந்தவர் காலை அசைக்க முடியாமல் படுத்திருந்தார். அக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் கையில் கொடுத்துக்கொண்டே, குடும்பம், பிள்ளைகள், மாமனார் வீடு என்று ஊர்க்கதையெல்லாம் கேட்டாள். கேட்டுக் கேட்டு அந்த ராத்திரிக்கு வந்து சேர்ந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். இதே ஆஸ்பத்திரியின் வராந்தாவில் விடிய விடியக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். விடிந்ததும் மனைவியிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு நேரே வேலைக்கு வந்துவிட்டார்.

“கொக்கியக் கையில புடிச்சது ஞாபகம் இருக்கு மேடம். மாட்டுனது ஞாபகம் இல்ல” என்றார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது, சாரத்தில் ஏறுகிற இடத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அக்கா அதில் உட்கார்ந்திருந்தாள். ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“தூங்குனீங்களா? சாப்டீங்களா? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?”

இதுதான் அவளுடைய சேஃப்டி. பெல்ட், வலை, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் பார்ப்பாள். அதிலும் குறை வைக்கமாட்டாள். ஆனால் முதலில் இந்த மூன்று கேள்வி. கேட்டுவிட்டு முகத்தையே பார்ப்பாள். சாப்பிடவில்லை என்றால் எதிர்க்கடைக்கு அனுப்பி இட்லி தின்றுவிட்டு வரச் சொல்வாள். திங்கட்கிழமை காலையில் கேள்வியே கிடையாது. “ஊதுங்க” என்பாள். எங்கள் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, சரக்கு மலிவு. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஜனமே இங்கே வந்து இறங்கும். வாசனை வந்த ஆளைச் சாரத்தில் ஏற்றமாட்டாள். மணல் சலிக்க அனுப்புவாள்.

பிகாரிலிருந்து வந்திருந்த கம்பி கட்டுகிற பையன்களிடம் பேச அவளுக்கு மொழி கிடையாது. தூங்கினாயா, சாப்பிட்டாயா என்பதற்கு இந்தியில் என்ன என்று எவரிடமோ கேட்டு வந்து “சோயா? கானா காயா?” என்று ஆரம்பித்தாள். அவர்கள் ‘சோயா மேடம், சோயா மேடம்’ என்று சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். ஒருவன் மட்டும் ஒருநாள் சிரிக்காமல் ஏறப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, அவன் போனை வாங்கி, ஊரிலிருந்த அவன் அம்மாவுக்கு வீடியோவில் போட்டாள். அந்த அம்மாள் இந்தியில் அழுதார். அக்கா தமிழில் ஆறுதல் சொன்னாள். என்ன சேதி என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்குக் கீழே கம்பி வளைக்கிற வேலை.

ஆண்களுக்கு முதலில் இது தாங்கவில்லை. “கட்டுன பொண்டாட்டி கேக்கல, இந்தம்மா கேக்குது” என்பார்கள். ‘விசாரணைக் கமிஷன்’ என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலம் டீக்கடையில் அவளை மாதிரியே முகத்தை நீட்டிக்கொண்டு, “ஏண்ணே, கண்ணு செவந்துருக்கே, மாமியா வந்துருக்காங்களா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரிப்பார்கள்.

எனக்கும் எரிச்சல்தான். ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்தால், எனக்குப் பார்த்த மாப்பிள்ளை ஏன் தட்டிப்போனது, அப்பாவுக்கு நிலத்தில் எவ்வளவு விளைந்தது, தம்பி ஏன் அப்பாவோடு பேசுவதில்லை என்று ஒன்றுவிடாமல் பிடுங்கிவிடுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஒங்களுக்கு வேற வேலையே இல்லையாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“இதான் புள்ள வேலை” என்றாள், கோபமே இல்லாமல்.

அவள் பிறந்தது கோட்டுச்சேரிமேட்டில். கடலுக்குப் போகிற குடும்பம். கட்டிக்கொடுத்தது திருமலைராயன்பட்டினத்தில். சின்ன வயதிலேயே அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன குழம்பு என்று பார்த்துவிட்டு வருகிறாள் என்று அவள் அம்மா அடிப்பார்களாம். “அடி வாங்குனேன். ஆனா என்ன குழம்புன்னு சொன்னதில்ல” என்பாள். அப்போது அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவள் இப்படி இருப்பதற்கு சைட்டில் ஒரு கதை கட்டியிருந்தார்கள். அவள் புருஷன் கட்டட வேலைக்குப் போன இடத்தில் விழுந்து செத்துவிட்டாராம். அந்தத் துக்கத்தில்தான் இந்தப் படிப்பைப் படித்தாளாம். கதை கேட்ட சித்தாள்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மத்தியானம், தொந்தியும் மீசையுமாக ஓர் ஆள் மொபெட்டில் வந்து இறங்கி, “எம் பொண்டாட்டி சோத்த மறந்துட்டு வந்துட்டா, குடுத்துருங்க” என்று தூக்குவாளியை நீட்டினார். படகு எஞ்சின் மெக்கானிக். மேஸ்திரி பேயைப் பார்த்ததுபோல் நின்றார். விஷயம் தெரிந்ததும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாவி மனுசங்களா, அவரு படியேறுனாலே மூச்சு வாங்கும். அவரப் போயி சாரத்துல ஏத்திட்டீங்களே!”

செங்கல் தூக்கிய சித்தாள்களில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி இருந்தாள். அக்கா ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ கேட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் செங்கல் கிடையாது. பூசின சுவருக்குத் தண்ணீர் அடிக்கிற வேலை. சம்பளம் குறைப்பேன் என்ற மேஸ்திரியோடு அக்கா அரைநாள் சண்டை போட்டாள். அந்தப் பெண்ணோ என்னிடம் வந்து புலம்பினாள்: “எம் புருசனுக்கே இன்னும் சொல்லலக்கா. மொகத்தப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாங்க. இனிமே ஊர் பூராத் தெரிஞ்சிரும்.” தெரியவில்லை. அவளாகத் தன் மாமியாரிடம் சொல்லுகிற வரைக்கும், கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குக்கூட அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒருவரிடம் மட்டும் சந்தேகம் தீரவே இல்லை. பெரிய கொத்தனார். ஐம்பதைத் தாண்டியவர். அம்பகரத்தூர்ப் பக்கம். அவர் பூசின சுவரில் கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முகப்பு வெளிப்பூச்சு முழுக்க அவரை நம்பித்தான் இருந்தது. “தூங்குனீங்களாண்ணே?” என்றால் “தூங்காம?” என்று கண்ணை அகல விரித்துக் காட்டிவிட்டு ஏறிவிடுவார். கொஞ்ச நாளாக அவர் டீயை ஆறவைத்து, ஒரு பக்கக் கன்னத்திலேயே வைத்துக் குடித்தார். முழங்கையில் சிராய்ப்பு. கேட்டால், கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றார். அவர் கொட்டாவி விட்டபோது நாக்கு ஓரத்தில் கடிபட்ட புண்ணை அக்கா பார்த்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, “அம்பகரத்தூர் காளியம்மன் கோயிலுக்குப் போவோமா புள்ள?” என்றாள். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், “இங்கதான் கொத்தனாரண்ணன் வீடு” என்று நடந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொத்தனார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். மகள் காலேஜ் முடிக்கப் போகிறாள், சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அக்கா காபியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணனுக்கு வலிப்பு எப்பலேர்ந்துங்க?”

அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே மகள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

“அது நின்னு பல வருசமாச்சுங்க. மாத்திரை சாப்ட்டுக்கிட்டிருந்தாரு, ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. இப்பதான்... மாத்திரைய நிறுத்திட்டாரு.”

“ஏன்?”

“அதச் சாப்ட்டா காலையில கண்ணு சொருவுதுங்க. தூங்கி வழிஞ்சிக்கிட்டுப் போனா நீங்க மேல ஏற விடமாட்டீங்கன்னு...”

அக்கா காலித் தம்ளரை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள்.

“வெளிய சொல்லிராதீங்கம்மா” என்று அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வலிப்புன்னு தெரிஞ்சா இந்த சம்பந்தம் நிக்காது. மேல ஏறாத கொத்தனார யாரு வேலைக்கு வச்சிக்குவா, நீங்களே சொல்லுங்க.”

“வெளிய சொல்லமாட்டேன்” என்றாள் அக்கா. “ஆனா ஏற விடமாட்டேன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருநள்ளாறு தாண்டியதும் சொன்னாள்: “நாங் கேட்டதாலதான் மனுசன் மாத்திரைய நிறுத்திருக்காரு புள்ள. உண்மையச் சொன்னா கூலி போயிரும்னா, எவன் உண்மையச் சொல்லுவான்? இத்தன நாளும் பொய்யத்தான் கேட்டு வாங்கிக்கிட்டு இருந்துருக்கேன்.”

மறுநாள் காலையில் கொத்தனாரை ஸ்டோருக்குள் கூப்பிட்டாள். நான் ஒரு பக்கம் சாக்கு அடுக்கிக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, மாத்திரைய இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கீழ வேலை பாருங்க. உள்பூச்சு கெடக்கு, தரை கெடக்கு. கூலி கொறையாம நான் பேசுறேன்.”

“என் வீட்டுக்கு யாரக் கேட்டுப் போன? பொம்பளன்னு பாக்குறேன்” என்றார் கொத்தனார். கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா அவருக்கு முன்னால் ஓடிப்போய் ஏணிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். சைட்டே கூடிவிட்டது. கொத்தனாரை ஏற விடவில்லை என்றதும் மற்ற கொத்தனார்களும் கரண்டியைக் கீழே போட்டார்கள். கான்ட்ராக்டர் காரிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

“என்ன மேடம் இது? சனிப்பெயர்ச்சி வந்து கழுத்துல உக்காந்துருக்கு. அவரு குடிச்சிருக்காரா?”

“இல்லீங்க.”

“தூங்கலையா?”

“தூங்கிருக்காரு.”

“பின்ன என்னதான் காரணம்?”

“காரணம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அது போதும்.”

“எனக்குத் தெரிய வேணாமா? சம்பளம் குடுக்குறது நான்.”

“ஒங்களுக்கு நான் சொல்லமாட்டேங்க. அவர ஏறவும் விடமாட்டேன்.”

கூட்டத்தில் ஒருவர், “எங்களையெல்லாம் நோண்டி நோண்டிக் கேக்கத் தெரியுதுல்ல, இப்ப இவங்க வாயத் தொறக்கச் சொல்லுங்க” என்றார். இன்னொருவர் அதைவிட அசிங்கமாக ஒன்று சொன்னார். அக்காவின் காது சிவந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். நானாவது சொல்லிவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கொத்தனார் தலையைக் குனிந்து நின்றார்.

“நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்” என்றார் கான்ட்ராக்டர்.

“சரிங்க. இன்னைக்கு இருக்கேன்ல?” என்று சொல்லிவிட்டு அக்கா நாற்காலியை ஏணிக்கு நெருக்கி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு வெளிச்சுவரில் ஒரு கரண்டிப் பூச்சும் விழவில்லை.

மறுநாள் காலையில் அக்கா இல்லை. நாற்காலியும் இல்லை, யாரோ எடுத்து உள்ளே போட்டிருந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஏணியடியில் வந்து ஒரு நொடி தயங்கி, யாரும் ஒன்றும் கேட்காததால் பேசாமல் ஏறினார்கள்.

கொத்தனார் கடைசியாக வந்தார். ஏணியில் ஒரு காலை வைத்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மேலேயிருந்து, “வாங்கண்ணே, கலவை இறுகுது” என்று குரல் வந்தது. அவர் ஏறவில்லை. காலை எடுத்துக் கீழே வைத்தார். கான்ட்ராக்டர் முகப்பில் நின்று முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனார்.

“எனக்கு வலிப்பு இருக்குங்க” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. “மாத்திரைய நிறுத்திட்டேன். போன வாரங்கூட வந்துச்சு. வீட்டுல வந்துச்சு, அதனால பொழச்சேன். அந்தப் பொண்ணுக்கு இது தெரியும். எம் மானத்துக்காக அது வேலைய விட்டுட்டுப் போவுது. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

சாரத்தில் இருந்தவர்கள் கரண்டியோடு அப்படியே எட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் அசிங்கமாகப் பேசியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

முதலாளிதான் முதலில் பேசினார். “அவங்களுக்கு போன் போடுங்க” என்றார் என்னிடம்.

அக்கா உடனே வந்துவிடவில்லை. போனிலேயே பேரம் பேசினாள். உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும் அன்றைக்குக் கீழ் வேலை, அதே கூலி. என்ன உடம்பு என்று கான்ட்ராக்டர் கேட்கக் கூடாது. கொத்தனாருக்குத் தரை வேலை. இதெல்லாம் சரி என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்காரருக்கு எஞ்சின் கழுவிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றாள். கான்ட்ராக்டர் பல்லைக் கடித்தார். முதலாளி தலையை ஆட்டினார். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கொத்தனார் அவளுக்கு எதிரே வந்து நின்று வார்த்தை தேடினார். அக்கா அவரைத் தேடவிடவில்லை. “மொதல்ல மாத்திரை” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்தச் சம்பந்தம் தட்டித்தான் போனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அக்காவுக்கு அது பெரிய வருத்தம். கொத்தனார்தான் தேற்றினார். “போனா போவுதும்மா. மறைச்சுக் கட்டிக்குடுத்துருந்தா, நாளைக்கு எம் பொண்ணுல்ல அங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கும்?” என்றார். அந்தப் பெண் அப்புறம் பி.எட். படித்தாள். எல்லாம் தெரிந்தே வந்த ஓர் இடத்தில் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு சைட்டில் ஒரு மாற்றம் வந்தது. முன்பு அவள் கேட்டால்தான் சொல்வார்கள். இப்போது கேட்பதற்கு முன்பே, “ராத்திரி பூரா சண்டை மேடம், இன்னைக்கு என்னைய கீழ போடுங்க” என்று தாங்களாகவே வந்தார்கள். டீக்கடையில் அவளைப் போலப் பேசிக் காட்டுவது மட்டும் நிற்கவில்லை. அதில் ஒரு செல்லம் சேர்ந்துகொண்டது. இடுப்பு முறிந்தவர் கைத்தடியோடு வந்து கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். சில நாள் அவரே ஆளை நிறுத்தி, “கண்ணக் காட்டு” என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

சனிப்பெயர்ச்சிக்கு முன்னால் லாட்ஜைத் திறந்தார்கள். பின்பக்கச் சுவர் பூசி முடியவில்லை. முன்பக்கம் வாழைமரமும் சீரியல் விளக்கும் கட்டியதில் யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சுவரை ஆற அமர அப்புறம் பூசினார்கள். அக்கா வந்த பிறகு, அந்தக் கட்டடம் முடிகிற வரைக்கும் அங்கிருந்து யாரும் விழவில்லை.

அவளை அடுத்து மஸ்கட்டில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. கடைசி நாள் நாங்கள் இரண்டு பேரும் வழக்கம்போல் ஒன்றாகக் கிளம்பினோம். காரைக்கால் வந்து, நாகூர் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு நிரவியில் இறங்க வேண்டும், அவளுக்குத் திருமலைராயன்பட்டினம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெயில் இறங்கி, அரசலாற்றுப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. அக்கா அன்றைக்கு அவ்வளவாகப் பேசவில்லை. பையில் சைட் ஆட்கள் வாங்கிக்கொடுத்த புடவை இருந்தது. அதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

“அக்கா, நீங்க எப்புடி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன புள்ள?” என்று சிரித்தாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து வந்த பழக்கம்தான். அவள் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பேச ஆரம்பித்தாள்.

நிரவி வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதினார். நான் இறங்கவில்லை. காசை நீட்டி, பட்டினத்துக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தேன். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். பட்டினத்தில் இறங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல், பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசினாள். நடுவில் கொஞ்சம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதயெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்ல புள்ள” என்றாள். திரும்புகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, அது கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் போன் செய்கிறாள். மஸ்கட்டில் மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி என்று எத்தனையோ பேராம். எல்லார் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியுமாம். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை வழியில் போன யாரோ பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே அவள் என்ன சொன்னாள் என்று சைட் ஆட்கள் என்னைப் பல முறை கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரும் கேட்டிருக்கிறார். யாருக்கும் நான் சொன்னதில்லை.